அச்சுக்குப் போகாத இரண்டு பத்தி

செனட் சபையில் இருபத்தொன்பது வருஷம் நின்றுகொண்டே வேலை பார்த்தவர் ஹார்லன் ப்ரெக்கே. உறுப்பினர்களுக்கு மேசை உண்டு, நாற்காலி உண்டு. சுருக்கெழுத்தாளருக்கு இரண்டும் கிடையாது. யார் எழுந்து பேசுகிறாரோ அவருக்கு மூன்றடி தள்ளிப் போய் நிற்க வேண்டும். இடது கையில் நோட்டு, வலது கையில் பேனா. பேசுகிறவர் ஆவேசத்தில் நாலடி நடந்தால் இவரும் கூடவே நடக்க வேண்டும். பத்து நிமிஷம் ஆனதும் அடுத்த ஆள் வந்து பக்கத்தில் நின்றுகொள்வார். இவர் கீழே இருக்கும் தங்கள் அறைக்கு இறங்கி, எழுதியதை டைப்பிஸ்டுக்கு வாசித்துச் சொல்லி முடித்து, தன் முறைக்கு மறுபடி மேலே ஏற வேண்டும். சபையே சிரித்தாலும் இவர் சிரிக்கக் கூடாது. வாய் திறப்பது என்ற பேச்சே இல்லை.

ஹார்லனுக்கு இது பெரிய சிரமமாக இல்லை. வடக்கு டகோட்டாவின் கோதுமை வயல்களுக்கு நடுவே, நார்வேயிலிருந்து வந்து குடியேறிய குடும்பத்தில் பிறந்தவர். அந்த வீட்டில் சாப்பாட்டு மேசையில்கூட உப்பு வேண்டும் என்றால்தான் பேச்சு. எட்டாம் வகுப்பைத் தாண்டியவர் அவருக்கு முன் அந்தக் குடும்பத்தில் ஒருவரும் இல்லை. பனிக்காலத்தில் தபால் வழியாகச் சுருக்கெழுத்து கற்றுக்கொண்டார். மாட்டுக் கொட்டகையில் பால் கறக்கும்போது ரேடியோச் செய்தியை மனசுக்குள்ளேயே கோடு கோடாக எழுதிப் பார்ப்பார்.

வாஷிங்டனில் வேலை கிடைத்துவிட்டது என்று சொன்னபோது அப்பாவுக்கு நம்பிக்கை வரவில்லை.

"அடுத்தவன் பேசுறத எழுதினா சம்பளமா? அவன் பேசாம உக்காந்துட்டா?"

"அங்க அந்தக் கஷ்டம் வராதுப்பா" என்றார் ஹார்லன்.

1953 ஜனவரியில் அவருடைய மாநிலத்திலிருந்தே ஒருவர் புதிதாக ஜெயித்து வந்தார். பெயர் ஆல்டன் விக்ஸ்ட்ரம். சின்ன ஊர் வக்கீல். கோதுமை ஏற்றும் ரயில் கட்டணம் பற்றி முதல் பேச்சுப் பேச எழுந்தபோது அவர் தாளைத் தலைகீழாகப் பிடித்திருந்ததை மூன்றடி தூரத்தில் நின்ற ஹார்லன் பார்த்தார். ஆரம்பித்த வாக்கியத்தை முடிக்காமல் அடுத்ததற்குத் தாவினார். எண்களை மாற்றிச் சொன்னார். நிமிஷத்துக்கு ஒரு தடவை தொண்டையைக் கனைத்தார். கீழே வந்து டைப் செய்யச் சொல்லும்போது ஹார்லன் கனைப்பையெல்லாம் விட்டுவிட்டு, தொங்கிய வாக்கியங்களை ஒட்டவைத்து, பொருள் மாறாமல் நேராக்கிக் கொடுத்தார். எல்லாருக்கும் செய்வதுதான்.

மறுநாள் அச்சான அவைப் பதிவேட்டை எடுத்துக்கொண்டு விக்ஸ்ட்ரம் கீழே இறங்கி வந்துவிட்டார்.

"நான் இவ்வளவு நல்லாவா பேசினேன்?"

"நீங்க பேசினதுதான் செனட்டர்."

"பொய் சொல்லாதப்பா. என் பொண்டாட்டி படிச்சிட்டு, யார் எழுதிக் கொடுத்ததுன்னு கேக்கிறா. நீ எந்த ஊர்?"

ஊர்ப் பெயரைச் சொன்னதும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. "அங்க ஒரு தானியக் கிடங்கு இருக்குமே, பாதி சாஞ்சு! இன்னும் விழலையா?"

"சாஞ்சது சாஞ்சபடிதான் நிக்குது."

"என்னை மாதிரின்னு சொல்லு" என்று சிரித்துவிட்டுப் போனார்.

அன்றிலிருந்து ஹார்லன் வீட்டில் அவர் பெயர் "உன் செனட்டர்". மனைவி டெல்ஃபா வைத்த பெயர். "உன் செனட்டர் இன்னைக்கு என்ன சொன்னார்?" என்று கேலியாகத்தான் கேட்பாள். கேட்காமல் இருக்கவும் மாட்டாள். மகன் டேல் ஒருபடி மேலே போவான். உருளைக்கிழங்கு ரொட்டியைச் சுருட்டிக் கையில் பிடித்தபடி மேசையருகே எழுந்து நின்று, தொண்டையைக் கனைத்து, "தலைவர் அவர்களே, இந்த வீட்டில் வெண்ணெய் பங்கீடு நியாயமாக நடக்கவில்லை" என்பான். கனைப்பு அச்சு அசலாக விக்ஸ்ட்ரம் கனைப்பு. ஹார்லன் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொள்வார். சபையில் அடக்கிவைத்த சிரிப்பெல்லாம் வீட்டில்தான் வெளியே வரும்.

விக்ஸ்ட்ரமும் வளர்ந்தார். ரயில் கட்டணம், மிசூரி ஆற்று அணை என்று ஆரம்பித்தவர் மெள்ள நாட்டு விவகாரங்களுக்கெல்லாம் எழுந்திருக்கத் தொடங்கினார். ரஷ்யாவுக்குக் கோதுமை விற்கலாமா என்று மற்றவர்கள் வாயடைத்து நின்றபோது "பசிக்குக் கட்சி கிடையாது" என்றார். 1964இல் கறுப்பின மக்களின் உரிமைச் சட்டத்தைப் பேசியே சாகடிக்கப் பார்த்தார்கள் தெற்கத்திய உறுப்பினர்கள். வாரக்கணக்கில் ஓயாத பேச்சு. ஹார்லனுக்கு விரல் மூட்டு வீங்கி, டெல்ஃபா காலையும் மாலையும் வெந்நீர் ஒத்தடம் கொடுத்தாள். கடைசியில் விக்ஸ்ட்ரம் எழுந்து, "பேசினது போதும். ஓட்டுப் போடுவோம். எதிர்த்துப் போடுறவங்களும் பேர் தெரியப் போடட்டும்" என்றார். ஊரிலிருந்து வசைக் கடிதங்கள் மூட்டையாக வந்தன. அன்றைக்குப் பதினாறு வயது டேல் பார்வையாளர் மாடத்தில் உட்கார்ந்திருந்தான். வீட்டுக்கு வந்து அவன் கனைக்கவில்லை. "அவர் நல்ல மனுஷன்ப்பா" என்றான்.

இரண்டு மாதம் கழித்து ஆகஸ்டில் இன்னொரு தீர்மானம் வந்தது. வியட்நாம் பக்கத்துக் கடலில் நம் கப்பலைத் தாக்கிவிட்டார்கள், தேவையான எல்லாம் செய்ய ஜனாதிபதிக்கு அதிகாரம் கொடுங்கள் என்று. விக்ஸ்ட்ரம் நாலு நிமிஷம் பேசினார். நவம்பரில் அவருக்குத் தேர்தல். கொடிக்குப் பின்னால் நிற்க வேண்டிய நேரம், கேள்வி கேட்கிற நேரம் இல்லை என்றார். நேராக்க வேண்டிய வாக்கியம் ஒன்றுகூட இல்லாத பேச்சு. அதையும் எழுதியது ஹார்லன்தான்.

டேல் பதினெட்டு முடிந்ததும் தானாகப் போய் ராணுவத்தில் சேர்ந்தான். 1967 பிப்ரவரியில் இரண்டு அதிகாரிகள் வீட்டு வாசலில் வந்து நின்றார்கள்.

அடக்கம் முடிந்த வாரத்தில் டெல்ஃபா ஒரு கேள்வி கேட்டாள். அழுகையெல்லாம் ஓய்ந்த குரல்.

"அன்னைக்கு அவர் பேசினதை எழுதினது நீதானே?"

"நான்தான். என் முறை."

"கை நடுங்கலையா?"

"அப்ப என்ன தெரியும் டெல்ஃபா?"

"அவருக்கும் தெரியாது, உனக்கும் தெரியாது. தெரியாதவங்க ரெண்டு பேரும் சேர்ந்து அச்சுல ஏத்திட்டீங்க." பாத்திரத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னாள். "தப்புப் பண்ணிட்டேன்னு அதே இடத்துல நின்னு சொல்லட்டும். ரகசியக் கடுதாசி எனக்கு வேண்டாம். அன்னைக்கு அச்சுல வந்தமாதிரி இதுவும் வரட்டும். அது போதும்."

செனட்டர் கடிதம் எழுதியிருந்தார். இரண்டு பக்கம், சொந்தக் கையெழுத்தில். டெல்ஃபா அதை உறையோடு அலமாரியில் வைத்துவிட்டாள். அதற்கப்புறம் விக்ஸ்ட்ரம் சபையில் ஹார்லனை நேராகப் பார்க்கவில்லை. மூன்றடி தூரத்தில் நிற்கிற ஆளைப் பார்க்காமல் பேசுவது லேசான காரியமில்லை. அவர் எதிர்ச்சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துப் பேசக் கற்றுக்கொண்டார்.

தினம் காலையில் காப்பியை ஊற்றும்போது டெல்ஃபா கேட்பாள்.

"சொன்னாரா?"

"இல்ல."

மூன்று வருஷம் இப்படியே போயிற்று. சபை கூடாத நாளில்கூடச் சிலசமயம் பழக்கத்தில் கேட்டுவிடுவாள். இவரும் பதில் சொல்வார்.

1970 ஜூன் மாதம். அந்தப் பழைய தீர்மானத்தை ரத்து செய்யலாமா என்ற விவாதம். சாயங்காலம் ஐந்து மணி இருக்கும். சபையில் ஏழெட்டுப் பேர். மாடத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் கூட்டம் ஒன்று எழுந்து போய்க்கொண்டிருந்தது. ஹார்லன் முறை தொடங்கியபோது விக்ஸ்ட்ரம் எழுந்தார். எழுதிக் கொண்டுவந்ததில் ஒரு பக்கம் வாசித்தார். "அந்த ஓட்டு எனக்கு நினைவிருக்கிறது" என்று ஒரு வரி. அதோடு நிறுத்தி, தாளை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தார்.

"நான் அன்னைக்கு ஆமாம்னு சொன்னேன். தீர்மானத்தை முழுசா படிக்கலை. நவம்பர்ல தேர்தல், அதுதான் மனசுல இருந்துச்சு. அது தப்பு. இங்க நாம பேசுறதை எழுதிக்கிட்டு ஒருத்தர் பக்கத்துல நிக்கிறார். பதினேழு வருஷமா என் பேச்சை என்னைவிட நல்லா எழுதினவர். அவர் பையன் பேரு டேல் ப்ரெக்கே. பத்தொன்பது வயசு. அந்தப் பையன் திரும்பி வரலை. மூணு வருஷமா என்னால இந்த மனுஷன் முகத்தைப் பாக்க முடியலை."

பிறகு திரும்பி, பார்த்தார்.

"நான் பண்ணினது தப்பு, ஹார்லன். தப்பு."

ஹார்லன் தலை நிமிரவில்லை. நிமிர்ந்தால் இரண்டு வார்த்தை விட்டுப்போகும். கை தன் பாட்டுக்கு எழுதியது. 'டேல்' என்பதற்குச் சுருக்கெழுத்தில் இரண்டே கோடு, மேலே ஒரு புள்ளி. புள்ளியைக்கூட விடாமல் வைத்தார்.

கீழே டைப்பிஸ்ட் ஐனெஸுக்கு வாசித்தார். வழக்கமான குரல், ஏற்ற இறக்கம் கிடையாது. பையன் பெயர் வந்ததும் டைப் சத்தம் நின்றது.

"அடிம்மா" என்றார். "நிறுத்தாத."

பக்கங்கள் செனட்டர் அலுவலகத்துக்குத் திருத்தத்துக்குப் போயின. அது சபை வழக்கம். பேசியவர் பார்த்துக் கொடுத்த பிறகுதான் அச்சு. ஹார்லன் வராந்தா முனையில் இருந்த போனுக்கு நேராகப் போனார்.

"டெல்ஃபா. சொல்லிட்டார்."



"எங்க வெச்சு? அவர் அறையிலயா?"

"சபையில. என் முறையில. டேல் பேரைச் சொல்லி."

"அச்சுல வருமா?"

"வரும். காலையில கொண்டுவரேன்."

அந்தத் தொழிலில் ஒரு வருஷம் இருந்த ஆள்கூடச் செய்யாத தவறு அது. திருத்தத்துக்குப் போன பக்கம் திரும்பி வராமல் 'வரும்' என்று யாரும் சொல்வதில்லை. இருபத்தொரு வருஷம் இருந்த ஹார்லன் சொல்லிவிட்டார்.

ஆறே முக்காலுக்குப் பக்கங்கள் திரும்பின. கொண்டுவந்த உதவியாளர் மேசையில் வைத்துவிட்டு, கண்ணைப் பார்க்காமல் நழுவினான். இரண்டு பத்திக்குக் குறுக்கே நீலப் பென்சில் கோடு. ஓரத்தில் ஆ.வி. என்று செனட்டரின் சுருக்கொப்பம். வேறு யாரோ செய்தது என்று தேற்றிக்கொள்ளவும் வழியில்லை. நவம்பரில் அவருக்கு மறுபடி தேர்தல்.

தலைமைச் சுருக்கெழுத்தாளர் ஓர்வில் டல்லி பக்கத்தை வாங்கிப் பார்த்தார்.

"இது வார்த்தைத் திருத்தம் இல்ல ஹார்லன். பொருளையே தூக்கியிருக்கார். விதிப்படி செல்லாது. எழுதினது நீ. நீ ஆட்சேபம் சொன்னா, நான் இப்பவே மேல கொண்டு போறேன்."

"இதுவரைக்கும் அப்படி யாருக்காவது கொண்டு போயிருக்கோமா?"

டல்லி பக்கத்தை மேசையிலேயே திருப்பி வைத்தார்.

போன குளிர்காலத்தில் வேறொரு உறுப்பினர், ஒரு விதவை எழுதிய கடிதத்தைச் சபையில் வாசித்துவிட்டு, அப்புறம் திருத்தத்தில் அந்தப் பகுதியை வெட்டி அனுப்பியிருந்தார். அந்த இடைவெளியை ஒட்டியவர் ஹார்லன்தான். அந்த அம்மாவும் காலையில் பதிவேட்டைப் புரட்டித் தேடியிருப்பாள். அவளுக்காக ஒருவரும் மாடி ஏறவில்லை.

"அப்ப என் பையனுக்கு மட்டும் எப்படி ஓர்வில்?"

"உன் பையன்கிறதாலதான்பா கேக்கிறேன்."

"அதனாலதான் முடியாது" என்றார் ஹார்லன்.

ஐனெஸ் அந்தப் பக்கத்தை மறுபடி அடிக்க மாட்டேன் என்று கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டாள். ஹார்லனே மெஷின் முன் உட்கார்ந்தார். வெட்டியதற்கு மேலே "அந்த ஓட்டு எனக்கு நினைவிருக்கிறது". கீழே, அவர் கடைசியாகச் சொல்லி உட்கார்ந்த "ஆகவே இதை ரத்து செய்ய வேண்டும்". காரணம் போன பிறகு அந்த 'ஆகவே' அனாதையாக நின்றது. அதை எடுத்தார். ஒரு 'இன்று' சேர்த்தார். படித்துப் பார்த்தார். வெட்டிய தழும்பே தெரியவில்லை. அவர் கை வேலை அப்படி.

மறுநாள் காலை மேசையில் பதிவேட்டை வைத்தார். டெல்ஃபா நல்ல உடுப்பு உடுத்திக் காத்திருந்தாள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு விரலை வரிமேல் வைத்துப் படித்தாள். முடித்து, மறுபடி முதலிலிருந்து படித்தாள்.

"எங்க?"

அவர் சொன்னார். பென்சிலை, வழக்கத்தை, டல்லி கேட்டதை, தான் சொன்னதை.

"நான் வருத்தப்படுறேன்னு, அவர் சொன்னதா நீயே கட்டிச் சொன்னியா?"

"டெல்ஃபா, சத்தியமா சொன்னார்." கோட்டுப் பைக்குள்ளிருந்து நோட்டை எடுத்தார். அலுவலகத்தை விட்டு வெளியே போகக் கூடாத நோட்டு. விரித்து, ஒவ்வொரு கோடாக விரல் வைத்து வாசித்துக் காட்டினார். "பார், இது டேல். இந்த ரெண்டு கோடு. புள்ளி."

அவள் அந்தக் கோடுகளையே பார்த்தாள்.

"எனக்கு இது புழு ஊர்ந்த மாதிரி இருக்கு ஹார்லன். நீ நேத்து ராத்திரி எழுதினதா இருந்தாலும் எனக்குத் தெரியாது."

காப்பியை ஊற்றினாள். அதற்குப் பிறகு அவள் அந்தக் கேள்வியைக் கேட்கவே இல்லை. தினமும் 'இல்ல' என்று சொன்ன மூன்று வருஷத்தைக் காட்டிலும் கேள்வியே இல்லாத காலைகள் ஹார்லனுக்குக் கனத்தன. ஐந்து வருஷம் கழித்து மார்பில் கட்டி வந்து டெல்ஃபா போய்ச் சேர்ந்தாள். கடைசிவரை நல்லபடியாகத்தான் இருந்தாள் அவரோடு. அந்த ஒன்றைத் தவிர எல்லாம் பேசினாள்.

இதில் இன்னொன்று உண்டு. அந்த ஜூனுக்குப் பிறகு விக்ஸ்ட்ரம் பழையபடி ஹார்லன் முகத்தைப் பார்த்துப் பேச ஆரம்பித்துவிட்டார். லிப்டில் தோளைத் தட்டினார். சாஞ்ச கிடங்கைப் பற்றிக் கேட்டார். போர் நிறுத்தத்துக்காக நாடு முழுக்கப் பேசினார். பத்திரிகைகள் அவரை மனசாட்சி உள்ளவர் என்றன. மனசில் இருந்ததைக் கொட்டியாயிற்று என்று அவர் நினைத்திருக்க வேண்டும். 1976 தேர்தலில் தோற்று ஊருக்குப் போனார். இரண்டு வருஷம் கழித்து ஹார்லனும் ஓய்வு பெற்றார்.

1981 அக்டோபரில் ஒரு மத்தியானம் ஹார்லன் வீட்டு வாசலில் கார் வந்து நின்றது. விக்ஸ்ட்ரமின் மகள் மார்கிட் அப்பாவைக் கைத்தாங்கலாக இறக்கினாள். எண்பதை நெருங்கியவர், சட்டையில் பட்டன் மாறிப் போட்டிருந்தது.

"அவருக்கு ஞாபகம் கொஞ்சம் போகும், வரும்" என்று மார்கிட் மெதுவாகச் சொன்னாள். "ஊர்க் காலேஜ்ல அவர் பேச்சையெல்லாம் தொகுக்கிறாங்க. ஒரு பேச்சைக் காணோம்னு ஒரு மாசமா தூங்க மாட்டேங்கிறார். உங்களைப் பாக்கணும்னு ஒரே பிடிவாதம்."

ஹார்லன் காப்பி போட்டுக் கொண்டுவந்து வைத்தார். கிழவர் அதைத் தொடவில்லை.

"நான் சொன்னேன் ஹார்லன். உன் பையனைப் பத்தி. சபையில நின்னு சொன்னேன். அச்சுல இல்லைங்கிறாங்க. நான் கனவு கண்டேனா?"

"இல்ல செனட்டர். சொன்னீங்க. நான் எழுதினேன்."

"பாத்தியா மார்கிட்!" என்று மகள் பக்கம் திரும்பினார். பிறகு முகம் கறுத்தது. "அப்ப எடுத்தது யாரு?"

ஹார்லன் அந்த மாறிப்போட்ட பட்டனைப் பார்த்தார். பதில் நாக்கு நுனியில் இருந்தது. பதினோரு வருஷமாக இருந்தது.

"சபையில வழக்கமா எடுக்கிறதுதான் செனட்டர். ஒட்டினது நான்."

"உன் பையன் பேரை நீயே எடுத்தியா?"

"ஆமா."

"ஏன்டா?" என்றார் கிழவர். அதில் கோபம் இல்லை, வலிதான் இருந்தது. ஹார்லன் உள்ளே போய், அலுவலகத்துக்குத் திருப்பிக் கொடுக்காமலே வைத்திருந்த அந்த நோட்டை எடுத்து வந்தார். பழுப்பேறிய தாள். நின்றுகொண்டுதான் வாசித்தார், உட்கார்ந்து வாசித்துப் பழக்கமில்லை. அதே ஏற்ற இறக்கமில்லாத குரல். டேல் பேர் வந்த இடத்தில் மட்டும் ஒரு மூச்சு தங்கியது. விக்ஸ்ட்ரம் கண்ணை மூடிக் கேட்டார். கன்னத்தில் நீர் வழிந்தது, துடைக்கவில்லை. மார்கிட் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

வாசித்து முடிந்ததும் கிழவரின் கை எழும்பிச் சட்டைப்பையைத் துழாவியது. ஒரு பென்சிலை எடுத்தது. கண்ணில் பழைய கூர்மை ஒரு நொடி வந்து போனது.

"நல்லா இருக்கு. ஆனா அந்த 'தப்பு' மூணு தடவை வருதே. தேர்தலைப் பத்தினதும் வேண்டாமே. ஊர்ல என்ன நினைப்பாங்க? கொண்டா, கொஞ்சம் சரிபண்ணித் தரேன்." நீட்டிய கை நோட்டை எதிர்பார்த்துக் காத்து நின்றது.

"அப்பா" என்றாள் மார்கிட்.

ஹார்லன் நோட்டை மூடினார்.

"நேரம் முடிஞ்சிடுச்சு, செனட்டர். பக்கம் அச்சுக்குப் போயிடுச்சு."

"போயிடுச்சா?"

"போயிடுச்சு."

"அடடா." பென்சிலைச் சற்று நேரம் பார்த்துவிட்டுப் பைக்குள் வைத்தார். "சரி, இருந்துட்டுப் போகட்டும். நீ எழுதினா சரியாத்தான் இருக்கும்" என்று சொல்லி, ஆறிய காப்பியைக் குடித்தார்.

மார்கிட் அதை டைப் செய்து தர முடியுமா என்று கேட்டாள். அச்சில் வராததைக் காலேஜில் சேர்க்க மாட்டார்கள் என்று ஹார்லன் சொன்னார். "காலேஜுக்கு இல்ல. எனக்கு" என்றாள். அவர் மெஷினில் தாளைச் செருகினார். அலுவலகப் பழக்கத்தில் கார்பனும் வைத்துவிட்டார். வெட்டு இல்லாமல், ஒட்டு இல்லாமல், கனைப்பைக்கூட விடாமல் அடித்தார்.

ஒரு பிரதி மார்கிட்டோடு போயிற்று. இன்னொன்று மேசையிலேயே கிடந்தது. மறுநாள் காலை காப்பி போட்டு எடுத்து வந்தவர், எதிர்ப்பக்கம் டெல்ஃபா உட்காரும் இடத்தில் அதைத் திருப்பி வைத்தார், அங்கிருந்து படிக்க வாகாக. தன் காப்பி தீரும்வரை எதிரே உட்கார்ந்திருந்தார்.